எர்த்துக் குழி

விடிந்தும் விடியாத நேரத்தில் அருணாதேவி ஏணியின் உச்சிப் படியில் நின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேல் கை எட்டும் உயரத்தில் தகரக் கூரை. முந்தின நாள் வெயிலை அது இன்னும் விடவில்லை. கூரைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவிலிருந்த இடுக்கில் நீலக் கேபிள்களைக் கட்டாக நுழைத்து, ஹாலின் மறுகோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். ஒரு கை கேபிளில், மறு கை சட்டத்தில். சட்டத்தில் படிந்திருந்த காகிதத் தூசி கண்ணில் விழுந்தது. துடைக்கக் கை இல்லை. கழுத்து வியர்வை முதுகில் இறங்கி, கம்பெனி கொடுத்த பனியனை உடம்போடு ஒட்டியது.

கீழே முனியசாமி அட்டைப் பெட்டியிலிருந்து கேபிளை முறுக்கு விழாமல் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"தள்ளு தாயி... இன்னுங் கொஞ்சம்..."

"மாட்டிக்கிச்சுண்ணே. என்னமோ ஆணி நிக்கிது."

"வம்பா இளுக்காத. உள்ள இருக்க செம்பு அத்துப்போகும். பின்னால வாங்கி விடு."

பின்னால் வாங்கினாள். ஆணி அவள் மணிக்கட்டைக் கீறிவிட்டது. கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற வழியில் புதிதாக எழும்பிய காலண்டர் அச்சகம் அது. காலை ஷிப்ட் ஆட்கள் வந்து மிஷினை ஓட்டத் தொடங்கிவிட்டால் அப்புறம் ஏணியை உள்ளே விட மாட்டார்கள். அதனால் கேபிள் இழுக்கிற வேலை எல்லாம் விடியலில்தான். விடியலில் எழுந்து வேலைக்கு ஓடுவது அருணாதேவிக்கும் முனியசாமிக்கும் புதிதல்ல. வெயில் ஏறுவதற்குள் வெடிமருந்து வேலையை முடிக்க வேண்டும் என்று பட்டாசு ஆலையில் பழகிய உடம்புகள் இரண்டும். அங்கே பயத்தில் ஓடினார்கள். இங்கே எதற்கு ஓடுகிறோம் என்று அவளுக்கு வர வர விளங்கவில்லை.

'தளிர் நெட்வொர்க்ஸ்' என்று முதுகில் அச்சிட்ட அந்தப் பனியனைப் போட்டுக்கொள்ள அருணாதேவி பட்ட பாடு கொஞ்சமில்லை. பன்னிரண்டாவது முடித்ததிலிருந்து பட்டாசுக்குத் திரி வைத்தவள். பக்கத்து ஆலை வெடித்து, சுற்றியிருந்த ஆலைகளையும் சோதனை என்று மூடிப்போட்டிருந்த மாதங்களில், ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் நடந்த நெட்வொர்க் வகுப்பில் சேர்ந்தாள். ஆலை திறந்த பிறகும் விடவில்லை. வேலை முடிந்து நகக்கண்ணில் அலுமினியப் பொடியோடு போய் உட்காருவாள். அவள் தொட்ட எழுத்தெல்லாம் கீபோர்டில் வெள்ளியாய் மினுங்கும். மாஸ்டர் திட்டிக்கொண்டே துணி எடுத்துத் துடைப்பார். பரீட்சை முழுக்க இங்கிலீஷ். தவறினாள், மறுபடி தவறினாள், பிறகு தேறினாள்.

தேறியவளுக்கு வேலை வந்து வாசலில் நின்றதா? மதுரையில் கேட்டார்கள், கோயம்புத்தூரில் கேட்டார்கள், செல்போனில் முகம் பார்த்துக் கேட்டார்கள்: "அனுபவம் இருக்கா?" வேலை பார்த்தால்தானே அனுபவம் வரும்? அனுபவம் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். 'ஆரம்ப நிலை வேலை' என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, அதற்குக் கீழேயே 'இரண்டு வருட அனுபவம் அவசியம்' என்று எழுதுகிற புத்திசாலிகளை எந்த வார்த்தையால் திட்டுவது? மதுரையில் ஒருவன், "பட்டாசிலயா இருந்தீங்க? எங்க ஆபீஸ் வெடிச்சிராதே?" என்று சிரித்தான். அவளும் சிரித்து வைத்தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில், சிரித்ததற்காகத் தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

கடைசியில் கதவைத் திறந்துவிட்டவன் தளிர் நெட்வொர்க்ஸ் ஸ்ரீராம்குமார். அப்பா காலத்திலிருந்தே பட்டாசும் அச்சுமாக இருக்கிற குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்து தனியாகக் கம்பெனி வைத்திருந்தான். "அனுபவம் இல்லாட்டி என்ன? நாங்க குடுப்போம்" என்றான். ஒரு வருடம் ட்ரெயினி. கைக்கு வருவதைச் சம்பளம் என்று சொல்லக் கூடாது, ஊக்கத்தொகை. பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போனது. வருடம் முடிந்தால் அனுபவச் சான்றும் நிரந்தர வேலையும். வருடம் முடிந்து அடுத்த தீபாவளியும் வந்து போய்விட்டது. கேட்டால், "இந்த சீசன் முடியட்டுமே" என்பான். சிவகாசியில் என்றைக்குச் சீசன் முடிந்தது? பட்டாசு முடிந்தால் காலண்டர், காலண்டர் முடிந்தால் டைரி, டைரி முடிந்தால் பள்ளிக்கூட நோட்டு, அதற்குள் மறுபடியும் பட்டாசு.

இத்தனை நாளில் அவள் கற்றுக்கொண்டது சுவரில் துளை போடுவது, ஏணி சுமப்பது, பள்ளம் வெட்டுவது. நெட்வொர்க் சுவிட்சுக்குள் புகுந்து எந்தக் கம்ப்யூட்டர் எதோடு பேசலாம், எதோடு பேசக் கூடாது என்று கட்டளை போடுகிற வேலைக்குத்தான் அவள் ராத்திரி பகல் படித்தாள். அதைச் சென்னையில் உட்கார்ந்து யாரோ முகம் தெரியாத ஒருவன் செய்தான்.

ஆனாலும் பட்டாசை விட்டு வெளியே வந்தாயிற்று. அந்த நம்பிக்கையில்தான் முனியசாமியையும் அவளே கூட்டி வந்தாள். அவன் அதே ஆலையில் மருந்து கலந்தவன். பக்கத்து ஆலை வெடித்த அன்றைக்கு வீட்டுக்குப் போனவன் ரொம்ப நாள் யாரோடும் பேசவில்லை. "வீட்டுல நான் ஒருத்தி மருந்துல கெடந்தாப் போதும். நீங்க வேற வேல பாருங்க" என்று அவன் மனைவி பொன்னுத்தங்கம் பிடிவாதமாக நின்றாள். தளிரில் அவர்களோடு இன்னும் இரண்டு பேர். எழில் காரியாபட்டிக்காரப் பெண், விவசாய வீடு. பி.இ. படித்தவள். படித்தவளுக்கும் அதே பனியன், அதே ஏணி. பெத்தணன் ஐம்பது வயதை நெருங்குகிறவர். அவர் ஓட்டிய பழைய அச்சு மிஷினைக் காயலான் கடைக்குப் போட்டதிலிருந்து இங்கே இருக்கிறார். நாலு பேரும் ட்ரெயினி. பெத்தணன் மட்டும், "என்னைய ரிட்டயராகுற வரைக்கும் ட்ரெயின் பண்ணுவானுக" என்பார்.

பட்டாசை விட்டு வந்தும் அருணாதேவியையும் முனியசாமியையும் விட்டுப் போகாத ஒரு பழக்கம் இருந்தது. மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கம்பி மண்ணுக்குள் போகும். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, அந்தத் தகட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். உடம்பில் உரசி உரசி ஏறியிருக்கிற சின்னக் கரண்டு மண்ணுக்குப் போய்விடும். போகாவிட்டால் ஒரு பொறி. ஒரு பொறி போதும், அப்புறம் அறையும் இல்லை ஆளும் இல்லை. வருடக்கணக்காகச் செய்தது கையில் ஊறிவிட்டது. எந்த அறைக்குள் நுழைந்தாலும் இருவருடைய செருப்பும் வாசலில் கிடக்கும். கை தானாகவே முன்னால் தெரிகிற இரும்பைத் தேடிப் போகும்.

"சாமி கும்பிட்டாச்சா?" என்று எழில் கேலி செய்வாள்.

"கும்பிட்டதுனாலதான தாயி உன் முன்னால நிக்கேன்" என்பான் முனியசாமி.

அன்றைக்குப் பத்து மணிக்கு அச்சக முதலாளிகள் வந்து எல்லாம் ஓடுகிறதா என்று பார்ப்பதாக ஏற்பாடு. பின்பக்கத்தில் ஒரு சின்ன அறையில் ராக் நின்றது. ராக் என்பது ஆள் உயர இரும்பு அலமாரி. கட்டடத்தில் ஓடுகிற அத்தனை கேபிளும் கடைசியில் அதற்குள் வந்து சேரும். அறைக்குப் புதிதாகச் சிமெண்டுத் தரை போட்டு, முந்தின நாள்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள். ராக்குக்கு எர்த்து, அதாவது கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற கம்பி, கிடையாது. வெளியே குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பி இறக்கி ராக்கோடு இணைக்க வேண்டும். ஜெராக்ஸ் கடை மாடி மாஸ்டரே முதல் பாடத்தில் சொல்லிக் கொடுக்கிற விஷயம். நாலு பேருக்கும் தெரியும். ஸ்ரீராம்குமாருக்கும் தெரியும். எழில் வாய்விட்டே கேட்டாள்.

"சார், எர்த்துக் குழி இன்னும் தோண்டலையே. அதுக்குள்ள பவர் குடுக்கலாமா?"

"இன்னைக்கு டெமோ முடியட்டும்மா. குழி தோண்டுறவன் அடுத்த வாரம் வர்றான். லைட் எரியுறதப் பாத்தாத்தான் அவங்க கையெழுத்துப் போடுவாங்க" என்று சொல்லிவிட்டு, யாரோடோ போனில் பேசிக்கொண்டே காருக்குப் போய்விட்டான்.

எலக்ட்ரீஷியன் வந்து ராக்குக்குக் கரண்டு கொடுத்துவிட்டுப் போனான். போகும்போது அவன் ராக்கின் கதவை அடித்துச் சாத்தியதில் கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கரண்டு ஒயர் நசுங்கி, உள்ளிருந்த செம்பு இரும்பில் பட்டுக்கொண்டிருந்தது. அது யார் கண்ணிலும் படவில்லை.

ராக்குக்குள் இருந்த சுவிட்சில் பச்சை விளக்கு வந்துவிட்டதா என்று பார்க்க முனியசாமி முன்னால் போனான். பின்னால் அருணாதேவி. வாசலில் அவன் செருப்பைக் கழற்றினான். அவளும் கழற்றினாள். ஈரத் தரையில் வெறுங்காலோடு இரண்டு எட்டு வைத்து, ராக்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை அழுத்தி வைத்தான்.

சத்தமே வரவில்லை. அவன் அப்படியே விறைத்து நின்றான். கை ராக்கோடு ஒட்டிக்கொண்டது. தோளிலிருந்து உடம்பு உதறத் தொடங்கியது. தாடை இறுகி, கண் மட்டும் அவள் பக்கம் திரும்பியது.

"எழிலு! மெயின அமத்து! மெயின அமத்துடி!"

கத்திக்கொண்டே அருணாதேவி அவனைப் பிடிக்கப் போனாள். பெத்தணன் பின்னாலிருந்து அவள் பனியனைப் பிடித்து இழுத்துத் தள்ளிவிட்டு, மூலையில் கிடந்த பிளாஸ்டிக் குழாயை எடுத்து முனியசாமியின் முழங்கையில் ஓங்கி ஓர் அடி அடித்தார். அந்த நேரம் எழிலும் மெயினை இறக்கிவிட்டாள். முனியசாமி சரிந்து விழுந்தான். அறையில் கருகின தோலின் வாடை. அருணாதேவிக்கு அந்த வாடை தெரியும். அதிலிருந்து தப்பிக்கத்தான் அவள் இங்கே வந்தாள்.

காகித லோடு இறக்க வந்த வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு சிவகாசி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே முதலுதவி செய்து விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூச்சு இருக்கிறது, இதயத் துடிப்புத்தான் ஒழுங்காக வரவில்லை, விரல்களைப் பற்றி இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

பொன்னுத்தங்கம் ஆலையிலிருந்து நேரே வந்தாள். பாக்கெட் போடுகிற பிரிவில் இருந்தவள், கையைக்கூடக் கழுவவில்லை. கண்ணாடிக் கதவு வழியே புருசனைப் பார்த்துவிட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை.

"ஏத்தா அருணா, மருந்துல ஒண்ணு ஆகியிருந்தா ஊரே தெரண்டு வந்திருக்கும். சங்கத்துக்காரவுக வந்திருப்பாக, கலெக்டரு வந்திருப்பாரு, பேப்பர்ல போட்டிருப்பாக. இதுல யாருட்டப் போயிக் கேக்க? இது என்ன வேலைன்னே எனக்குச் சொல்லத் தெரியலையே."

அவனை இந்த வேலைக்குக் கூட்டி வந்தவள் அருணாதேவிதான். பொன்னுத்தங்கம் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் ஸ்ரீராம்குமார் வந்தான். டாக்டரைப் பார்த்தான், பொன்னுத்தங்கத்தைப் பார்த்துக் கைகூப்பினான். பிறகு அருணாதேவியைத் தனியாக மரத்தடிக்குக் கூப்பிட்டான்.

"சாப்பிட்டீகளா?"

"இல்ல சார்."

"சாப்பிடணும்மா. நாளைக்குத் தெம்பா இருக்கணும்ல. தொழிலகப் பாதுகாப்பு அதிகாரி காலையில சைட்டுக்கு வர்றாரு. அச்சகத்துல எல்லாரும் ரொம்பக் கோவமா இருக்காங்க. நாமதான் புரஃபஷனலா நடந்துக்கணும்."

"எர்த்து போடல சார். எழில் கேட்டப்ப அடுத்த வாரம்னீக."

"அது டெக்னிக்கல் விஷயம், நான் பாத்துக்கிறேன். முனியசாமி என்ன செஞ்சாரு? வெறுங்காலோட போயி ராக்கத் தொட்டாரு. தொடச் சொன்னது யாரு? நானா? நீங்களா?"

"யாரும் சொல்லல. அது எங்க பளக்கம்."

"அதத்தான் சொல்லணும்ங்கிறேன். பொய் சொல்லச் சொல்லல. அவரு உங்களப் பாக்க வந்தாரு. பட்டாசு ஆலைப் பழக்கத்துல தெரியாமத் தொட்டுட்டாரு. அம்புட்டுத்தான்."

"என்னையப் பாக்க வந்தாரா? கம்பெனி பனியன் போட்டிருந்தாரே சார்."

"பனியன் யாரு வேணாலும் போடலாம்மா. அவரு நம்ம ஸ்டாஃப் இல்லையே. ட்ரெயினிதான."

"அப்ப நானு?"

ஸ்ரீராம்குமார் சிரித்தான். இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவனைப் போலக் குரலைத் தணித்துக்கொண்டான்.

"உங்களப் பத்தித்தான் பேச வந்தேன். மதுரையில ஒரு டேட்டா சென்டர். நம்மகிட்ட ஒரே ஒரு ஆள் கேட்டிருக்காங்க. மாசம் பொறந்ததும் நீங்க நெட்வொர்க் இன்ஜினியர். ஏணி கிடையாது, துளை கிடையாது. ஏ.சி. ரூம். சுவிட்ச் வேலை முழுக்க உங்க கையில. அனுபவச் சான்றும் சேத்துத் தர்றேன். நாளைக்கு அந்த அதிகாரிகிட்ட ரெண்டு வரி. யோசிங்க."

அவள் அவன் முகத்தில் காறித் துப்பிவிட்டு வந்தாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. மதுரையில் சிரித்தவனுடைய முகம் அவளுக்கு ஞாபகத்துக்கு வந்தது. வெள்ளி மினுங்கிய கீபோர்டு ஞாபகத்துக்கு வந்தது. எத்தனை வாசலில் நின்று திரும்பியிருக்கிறாள்! அத்தனை வாசலும் சேர்ந்து இன்றைக்குத் திறந்திருக்கிறது. இதற்குள் நுழையாவிட்டால் இனி இந்த ஜென்மத்தில் நுழைய முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் சொன்னதில் பாதி உண்மையும் இருந்தது, அதுதான் அவளைப் போட்டு வதைத்தது. ராக்கைத் தொட்டது முனியசாமியின் கைதான்.

"யோசிக்கிறேன் சார்" என்றாள்.

வெயில் தாழ்ந்ததும் மூன்று பேரும் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. டீ ஆறிப்போய் ஆடை கட்டியது. எழில் கைக்குட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அக்கா, நான் மதுரைக்குப் போனா நீங்க என்னையக் காறித் துப்புவீங்களா?"

"எந்த மதுரைக்கு?"

"ஒரு வேலை... ஸ்ரீராம் சார்தான் சொன்னாரு. அப்பா நெலத்த அடமானம் வச்சுப் படிக்க வச்சாருக்கா. நான் இன்னும் ஏணி தூக்கிட்டு..."

பெத்தணன் கிளாஸைக் கீழே வைத்தார்.

"டேட்டா சென்டரா?"

எழில் நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏ.சி. ரூமா? ஒரே ஒரு எடம்னு சொன்னானா?"

"ஆமாண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பெத்தணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. புரையேறி இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்கு முளுசாத் தெரிஞ்ச சுவிட்சு வீட்டு லைட்டு சுவிட்சு ஒண்ணுதான். என்னையும் இன்ஜினியர்னுட்டான் தாயி! நானும் ஒரு மணி நேரமா நம்பிக்கிட்டு இருக்கேன். உங்க ரெண்டு பேருட்டயும் எப்படிச் சொல்றதுன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வேற இருந்தேன்."

அருணாதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. மார்பு வரைக்கும் கொதித்தது. முனியசாமி உள்ளே மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, அவனைக் கழற்றி விட்டுவிட்டு நாம் ஏறிக்கொள்ளலாமா என்று மூன்று பேரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். போட வைத்திருக்கிறான். அதுவும் இல்லாத ஒரு நாற்காலியைக் காட்டி.

"எனக்கும் அதே எடந்தாம்" என்றாள். "யோசிக்கிறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். என்னையத்தான் மொதல்ல செருப்பால அடிக்கணும்."

"நான் சரின்னே சொல்லிட்டேங்க்கா" என்று எழில் அழத் தொடங்கினாள்.

"அளுவாத. யாரும் யாரையும் அடிக்க வேணாம்" என்றார் பெத்தணன். "நாளைக்கு அந்த ஆபீசர் வருவாரு. நாம மூணு பேரும் ஒரே வார்த்த சொல்லணும். முனியசாமி இந்தக் கம்பெனி ஆளு. எர்த்துப் போடாமக் கரண்டு குடுத்தது கம்பெனி."

"சொன்னம்னா இந்த ஜில்லாவுல நமக்கு வேல இல்லண்ணே."

"இப்ப மட்டும் என்ன இருக்கு?"

எழில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு செல்போனை எடுத்தாள். கம்பெனி வேலை நடக்கிற எல்லா சைட்டு ட்ரெயினிகளையும் சேர்த்து ஸ்ரீராம்குமார் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருந்தான். பெயர் 'தளிர் ஃபேமிலி'. பிறந்தநாள் வாழ்த்தும் காலை வணக்கமும் தவிர அதில் வேறு எதுவும் வந்ததில்லை. வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் இருக்கிறவர்களை அவர்கள் நேரில் பார்த்ததுகூடக் கிடையாது. அருணாதேவி அந்தப் போனை வாங்கி வாயருகே வைத்து, குழுவுக்குக் குரல் பதிவாகப் பேசினாள்.

"நான் அருணாதேவி, விஸ்வநத்தம் ரோட்டு சைட்டு. முனியசாமி அண்ணனுக்கு இன்னைக்குக் கரண்டு அடிச்சிருச்சு. ராக்குக்கு எர்த்து இல்ல. அவரு நம்ம ஆளே இல்லன்னு சொல்லச் சொல்றாக. நாங்க சொல்ல மாட்டோம். நாளைக்குக் காலையில அச்சகத்து வாசல்ல நிக்கப் போறோம். எர்த்துக் குழி தோண்டுற வரைக்கும், அண்ணன் வைத்தியத்துக்குக் கம்பெனி பொறுப்பேத்துக்கிற வரைக்கும் உள்ள கால் வைக்க மாட்டோம். உங்க சைட்டுல எர்த்து இருக்கான்னு பாத்துக்கோங்க. வர முடிஞ்சவுக வாங்க."

கேட்டதற்கு அடையாளமாக நீல டிக்குகள் வரிசையாக விழுந்தன. பதில் வரவில்லை. ஒருவர் குழுவை விட்டே போனார். அப்புறம் வெம்பக்கோட்டையிலிருந்து ஒரே ஒரு வரி: 'எங்க சைட்லயும் எர்த்து இல்ல.' அதைப் படித்து முடிப்பதற்குள் குழுவைப் பூட்டிவிட்டார்கள். இனி அட்மின் மட்டும்தான் எழுதலாம்.

"ஃபேமிலி முடிஞ்சிருச்சு" என்றார் பெத்தணன்.

மறுநாள் காலை அச்சகத்து வாசலில் மூன்று பேரும் நின்றார்கள். பொன்னுத்தங்கம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்திருந்தாள். முனியசாமி கண் திறந்துவிட்டான், ஆளைத் தெரிகிறது, வலது கை விரல்களைத்தான் மடக்க முடியவில்லை என்றாள். "நான் இங்கன பாத்துக்கிறேன், நீங்க அங்கன பாத்துக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். ஸ்ரீராம்குமார் ஓடிப்போய் வரவேற்றான். ராக் அறையைப் பார்த்துவிட்டு இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அச்சக ஆட்கள் சிலர் ஷிப்டுக்குப் போகாமல் கேட்டோரத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"அடிபட்டவர் வெளியாள்னு சொல்றாங்களே. உங்களப் பாக்க வந்தவராம். அப்படியாம்மா?" என்று அதிகாரி அருணாதேவியைக் கேட்டார்.

ஸ்ரீராம்குமார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த ஒரு பதிலுக்குப் பிறகு நெட்வொர்க் இன்ஜினியர் அருணாதேவி என்று ஒருத்தி இருக்கப்போவதில்லை. படித்த படிப்பு, போன பஸ், நின்ற வாசல் எல்லாம் இதோடு சரி. எரிச்சலில் அவளுக்குக் கண் கலங்கியது.

"இல்ல சார். அவரு வெளியாள் இல்ல. என்னோட சேந்து இந்தக் கட்டடத்துல கேபிள் இளுத்தவரு. தெனமும் விடியக்காலம் இங்கனதான் வேல பாத்தாரு. நாங்க வெறுங்காலோட உள்ள போறதும், தொட்டுட்டுப் போறதும் பளக்கந்தான். நேத்து நானுந்தான் செருப்பக் களட்டிட்டு நின்னேன். எர்த்து இருந்திருந்தா அவரு கை தொட்டதுக்கு ஒண்ணும் ஆயிருக்காது. எர்த்து போடாமக் கரண்டு குடுக்கச் சொன்னது இவரு."

"நான் கேட்டேன் சார். அடுத்த வாரம்னாரு" என்றாள் எழில்.

"மூணு பேரும் கேட்டுக்கிட்டுத்தான் நின்னோம்" என்றார் பெத்தணன்.

"எழுதிக்கிறேன்" என்றார் அதிகாரி. "கம்பெனி தரப்பையும் விசாரிக்கணும். நான் உடனே எதுவும் சொல்ல முடியாது." எழுதினார், ஜீப்பில் ஏறிப் போனார். அவர் எழுதியதால் என்ன நடக்கும், எப்போது நடக்கும் என்று அந்த வாசலில் நின்ற யாருக்கும் தெரியாது.

ஸ்ரீராம்குமாருக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை நாள் காப்பாற்றி வைத்திருந்த மரியாதை வார்த்தை அவன் வாயிலிருந்து நழுவியது.

"மருந்துல வெந்துக்கிட்டுக் கெடந்தவளக் கூட்டிட்டு வந்து கம்ப்யூட்டரக் காட்டினேன் பாரு, என்னையச் சொல்லணும். இனி எந்தக் கம்பெனியில நொழைஞ்சிருவேன்னு நெனைக்கிற? மதுரை, திருநெல்வேலி, எங்க போனாலும் ஒரு போன் போதும் எனக்கு."

"போன் பண்ணுங்க சார்" என்றாள் அருணாதேவி. "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் பண்ணுங்க. வைத்தியச் செலவு எங்க பொறுப்புன்னு சொல்லுங்க. அப்பறம் குளி தோண்டுறவருக்குப் பண்ணுங்க. அதுக்கப்பறம் மதுரைக்குப் பண்ணலாம்."

"உள்ள வேலை நிக்குது. நேத்து நின்ன டெமோவ இன்னைக்கு வச்சிருக்கு."

"நிக்கட்டும்."

"வேற ஆள் கூட்டிட்டு வர எனக்கு எம்புட்டு நேரமாகும்?"

"கூட்டிட்டு வாங்க. அவுகட்டயும் எர்த்து இல்லன்னு சொல்லுவோம்."

அவன் காருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். கேட்டோரத்தில் நின்ற அச்சு ஆட்களில் நடுவயதுக்காரர் ஒருவர் பெத்தணனுக்குப் பழைய பழக்கம். மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏலே பெத்தணா, அப்ப எங்க மிஷினுக்கு மட்டும் எர்த்து இருக்கா?"

"எனக்கென்ன தெரியும்? ஓட்டுறதுக்கு முந்தி நீங்கதான் பாக்கணும்."

அவர் திரும்பிப் போய் மற்றவர்களிடம் என்னவோ சொன்னார். ஷிப்டு மணி அடித்தது. உள்ளே மிஷின் சத்தம் இன்னும் கேட்கவில்லை.

வெயில் ஏறியது. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லாத வாசல் அது. எழில் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பஸ் நிற்காமல் போனது. இன்னொன்று நின்று, கூடை வைத்திருந்த இரண்டு பேரை இறக்கிவிட்டுப் போனது. "யாரும் வர மாட்டாங்க போலக்கா" என்றாள். அருணாதேவிக்கும் அப்படித்தான் தோன்றியது. யாருக்குத்தான் பயம் இருக்காது? அவளுக்கே இன்னும் விட்டபாடில்லை.

வெம்பக்கோட்டை பஸ் வந்தது. முன்வாசல் வழியாக ஒரு பெண் இறங்கினாள். பின்வாசலில் மூன்று ஆண்கள், அவர்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர். எல்லோர் மேலும் அதே பனியன். இந்தப் பக்கம் வருவதா வேண்டாமா என்று தெரியாதவர்கள் மாதிரி சாலையைக் கடந்து வந்து, கொஞ்சம் தள்ளியே தயங்கி நின்றார்கள். காருக்குள்ளிருந்து ஸ்ரீராம்குமார் பார்ப்பது அவர்களுக்கும் தெரிந்தது. முன்னால் இறங்கிய பெண் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அருணாதேவின்றது யாரு?"

"நாந்தாம்."

"நான் தங்கத்தாய். நேத்து எர்த்து இல்லன்னு போட்டது நாந்தான். சாத்தூர்க்காரவுக அடுத்த பஸ்ல வர்றாக." அவள் ஒரு தடவை காரைப் பார்த்தாள், பிறகு அருணாதேவியைப் பார்த்தாள். "நாங்க எங்கன நிக்கணும்?"

அருணாதேவி எழிலை ஒட்டி நகர்ந்து இடம் விட்டாள்.

"இங்கன வாங்க" என்றாள்.